பழைய கேம் செட், பழைய டிவி, புது உதிரி: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் இருந்து பழைய கேம் செட்டை இறக்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பெரம்பூர் வீட்டின் முன்னறையில் பல வருடங்களாக இந்தச் செட்டுகளையும் பிக்சர் டியூப் டிவிகளையும் சரிசெய்து வருகிறேன். இது என் தொழில் இல்லை, விருப்பம். வருகிறவர்களில் பாதிப் பேர் தேவையில்லாத ஒன்றை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். கேம் செட், அதிலிருந்து கிளம்பும் சிக்னல், அதைக் காட்டும் டிவி, இந்த மூன்றில் எது மக்கர் செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு பையில் கை வையுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றை மாற்றினாலே போதும்.

சின்ன வயதில் ஆடிய கேம் செட்டைப் புது எல்.ஈ.டி டிவியில் மாட்டினேன். படம் மங்கல். பட்டனை அழுத்தினால் மரியோ கொஞ்சம் கழித்துத்தான் குதிக்கிறார். செட் கெட்டுவிட்டதா?

செட் நன்றாகத்தான் இருக்கும். டிவிக்கு அதன் சிக்னல் புரியவில்லை.

பிக்சர் டியூப் காலத்து ஒளிபரப்பில் ஒரு முழுப் படம் இரண்டு தவணையாக வரும். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அப்புறம் இரட்டைப்படைக் கோடுகள். 80களிலும் 90களிலும் கேம் செட் செய்தவர்கள் இதில் ஒரு தந்திரம் செய்தார்கள். இரண்டாவது தவணையையும் முதல் தவணை விழுந்த அதே கோடுகளின் மேலேயே விழ வைத்தார்கள். இதனால் கோடுகள் பாதியாகும், ஆனால் விநாடிக்கு 60 முழுப் படம் கிடைக்கும். 240பி என்று சொல்வது இதைத்தான். சொன்ன இடத்தில் கோடு போடுவது மட்டுமே பிக்சர் டியூபின் வேலை, அதனால் அது எந்தக் கேள்வியும் கேட்காமல் காட்டியது.

புது டிவி அப்படி இல்லை. வருவது பாதிப் படம் என்று நினைத்து அடுத்தடுத்த இரண்டை ஒன்றாகப் பின்னப் பார்க்கும். மங்கல் அங்கிருந்துதான் வருகிறது. அடி வாங்கியதும் ஆள் விட்டுவிட்டு மின்னுவாரே, சில டிவிகளில் அந்த மின்னலே தெரியாது. ஆள் ஒரேயடியாக மறைந்துபோவார். இந்தப் பின்னலுக்கு டிவி சில ஃபிரேம்களை, அதாவது படங்களை, சேர்த்துவைக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி விநாடி, நாலு ஃபிரேம் தங்கினால் 67. குழியைத் தாண்டும் கேமில் அது உயிர் போகும் நேரம்.

முதலில் டிவி மெனுவில் 'கேம் மோட்' இருந்தால் போட்டுப் பாருங்கள். செலவில்லாமல் தாமதம் கொஞ்சம் குறையும். மங்கல் குறையாது.

புது டிவியில் மூன்று கலர் ஏவி சாக்கெட்டே இல்லை. ஒரே ஒரு சின்ன ஓட்டைதான் இருக்கிறது.

ஹெட்போன் பின் போல இருக்கும் நாலு வளைய ஜாக் அது. அதற்கான வயர் கடையில் கிடைக்கும். ஆனால் எர்த் வளையம் எங்கே இருக்கிறது என்பது வயருக்கு வயர் மாறும். சத்தம் உறுமினாலோ படம் உருண்டாலோ டிவியைச் சந்தேகப்படாமல் வேறு வயர் போட்டுப் பாருங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாக ஏவி டு ஹெச்.டி.எம்.ஐ டப்பா விற்கிறார்களே, அது போதாதா?

டிவிடி பார்க்கப் போதும். கேமுக்கு வேண்டாம். டிவி செய்யும் அதே தப்பை இந்த டப்பா டிவிக்கு முன்னாலேயே செய்து கொடுத்துவிடும். 240பியைப் பாதிப் படம் என்று எடுத்துக்கொண்டு, குழைத்து, 1080பி என்று பெயர் போட்டு அனுப்பும். அதன் மேல் டிவியின் தாமதமும் சேரும்.

அப்படியானால் எதை வாங்குவது?

கேமுக்கென்றே செய்த ஸ்கேலர்கள் இருக்கின்றன, பழைய சிக்னலைப் புது டிவிக்கு ஏற்றபடி பெரிதாக்கிக் கொடுக்கும் டப்பாக்கள். 240பி வருகிறது என்று இவற்றுக்குத் தெரியும். ஒவ்வொரு கோட்டையும் இரண்டாகவோ ஐந்தாகவோ பெருக்கி உடனே அனுப்பிவிடும். முழு ஃபிரேமைச் சேர்த்துவைக்காததால் தாமதம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

எதை வாங்குவது என்பது உங்கள் செட்டிலிருந்து என்ன சிக்னல் வருகிறது என்பதைப் பொறுத்தது. இங்கேதான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். ஓ.எஸ்.எஸ்.சி என்ற திறந்த வடிவமைப்பு ஸ்கேலர் அருமையான பொருள், ஆனால் அதன் முதல் மாடல் மஞ்சள் வயர் காம்போசிட்டை வாங்காது. படத்தைப் பிரித்துத் தனித்தனி வயரில் கொடுக்கும் ஆர்.ஜி.பி, காம்பொனென்ட், வி.ஜி.ஏ மட்டும்தான். ஃபேமிகாம் என்பது நின்டென்டோவின் ஜப்பான் கேம் செட். நம் ஊரில் 90களில் விற்ற அதன் நகல் செட்டுகள், மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்றவை, கொடுப்பதில் நல்லதே மஞ்சள் வயர்தான். அவற்றுக்கு ரெட்ரோடிங்க் வகைதான் பொருந்தும். ரெட்ரோடிங்க் 2எக்ஸ், 2021இல் வந்த 5எக்ஸ் இரண்டுமே காம்போசிட் எடுக்கும். 2023இல் வந்த 4கே மாடல் இன்னும் உயர்ந்தது. ஆனால் ஒரு நகல் செட்டுக்காக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அதில் காம்பொனென்ட் வயர் போடலாம். அதற்குக் குறைந்த செலவில் நல்ல வழி ஜி.பி.எஸ் கன்ட்ரோல் (GBS, வழி காட்டும் GPS இல்லை). ஆர்கேட் மெஷின்களுக்காக விற்கும் ஜி.பி.எஸ்-8200 என்ற சைனா போர்டில் ஒரு ஈ.எஸ்.பி8266 சிப்பைச் சேர்த்து, ஆர்வலர்கள் எழுதிய இலவச மென்பொருளை ஏற்றினால் அந்தப் போர்டு வேறு பொருளாகிவிடுகிறது. ஈ.எஸ்.பி8266 ரிச்சி ஸ்ட்ரீட்டில் கல்லூரி புராஜெக்ட் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். நாலைந்து இடத்தில் சால்டர் வைக்கத் தெரிந்தால் ஒரு மாலை வேலை. வெளிநாட்டு ஸ்கேலருக்கு விலையோடு கஸ்டம்ஸ் வரியும் கூரியரும் சேரும். அதையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகுதான் நான் இதைச் செய்து பார்த்தேன். இன்றும் என் பி.எஸ்.2 இதன் வழியாகத்தான் ஓடுகிறது.

டிவியில் குத்தும் '4கே கேம் ஸ்டிக்', பத்தாயிரம் கேம் என்கிறார்கள். குழந்தைக்கு வாங்கலாமா?

பிறந்தநாள் பொம்மையாக வாங்கலாம். உள்ளே இருப்பது ஒரு மலிவுச் சிப்பில் ஓடும் எமுலேட்டர், பழைய செட்டைப் போல நடிக்கும் நிரல். பத்தாயிரத்தில் ஒரே கேம் பல பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். அதனுடன் வரும் வயர்லெஸ் பேடில் தாமதம் தெரியும். முதலில் சாவது அதன் மெமரி கார்டு, எனவே வாங்கிய அன்றே நல்ல கார்டு ஒன்றில் நகல் எடுத்து வையுங்கள். அதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ராஸ்ப்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு பழையது ஒன்று வாங்கலாம், வருடக்கணக்கில் உழைக்கும்.

தாத்தா வீட்டு 21 இஞ்ச் பிக்சர் டியூப் டிவியைக் காயலாங்கடைக்குப் போடப் போகிறோம். வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள். குறைந்தது படம் வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மேலே சொன்ன ஸ்கேலர் எல்லாம் எதற்கு? புது டிவியைப் பழைய டிவி மாதிரி நடந்துகொள்ள வைப்பதற்கு. உங்கள் வீட்டில் பழைய டிவியே இருக்கிறது. தாமதம் இல்லை, 240பியில் குழப்பம் இல்லை. கோடுகளுக்கு நடுவே விழும் மெல்லிய கருப்பு இடைவெளி அந்தக் கால ஓவியர்கள் மனதில் வைத்து வரைந்தது. இன்று உலகில் யாரும் கலர் டிவிக்கான பிக்சர் டியூபைப் பெரிய அளவில் தயாரிப்பதில்லை. இருப்பது குறைந்துகொண்டே போகும் சரக்கு.

சென்னைக்காரர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2006 முதல் தமிழக அரசு கொடுத்த 14 இஞ்ச் இலவச கலர் டிவிகள். ஒரு கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். அவற்றின் வயது மற்ற பிக்சர் டியூப் டிவிகளை விடக் குறைவு. நிறைய வீடுகளில் கேபிள் மாறியதும், பெரிய டிவி வந்ததும் மூலைக்குப் போய்விட்டன, அதனால் டியூப் அதிகம் தேயவில்லை. ஏவி இன்புட் உண்டு. 14 இஞ்ச் என்பதால் ஒருவரே தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம். 29 இஞ்சைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், இடுப்பும் போகும். கேமுக்கு எனக்குப் பிடித்தது 14தான். அவ்வளவு சின்னத் திரையில் காம்போசிட்டின் குறைகூடக் கண்ணுக்குத் தெரியாது. சொந்தக்காரர் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்பார்கள்.

வாங்கும்போது ஒரு சோதனை. டிவியைப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். படம் இருண்டு, வெள்ளை எல்லாம் ஈயம் பூசியது போலத் தெரிந்தால் டியூப் வீக். விட்டுவிடுங்கள். மூலையில் கலர் திட்டு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். பக்கத்தில் வைத்த ஸ்பீக்கரின் காந்தமாக இருக்கும். ஸ்பீக்கரைத் தள்ளி வைத்து, சில தடவை டிவியை முழுக்க ஆறவிட்டுப் போட்டால் சரியாகிவிடும்.

டியூப் நல்லது, ஆனால் டிவி செத்துவிட்டது. கம்பெனி போர்டு கிடைக்கவில்லை. வேறு வழி?

இதைத்தான் எல்லாரும் மறந்துவிட்டார்கள். யூனிவர்சல் கிட்.

பிக்சர் டியூப் டிவிக்குள் கண்ணாடி டியூபும், அதன் கழுத்தில் இருக்கும் யோக் சுருளும் தனி. மற்றதெல்லாம் ஒரே போர்டில் இருக்கும். அந்தப் போர்டையே மொத்தமாகக் கழற்றி எறிந்துவிட்டு, எந்தக் கம்பெனி டியூபுக்கும் பொருந்தும்படி செய்த சைனா போர்டை மாட்டுவார்கள். பவர் சப்ளை, டியூனர், டியூபுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் எல்.ஓ.டி டிரான்ஸ்ஃபார்மர், ரிமோட் உட்பட எல்லாம் சேர்ந்தே வரும். 14க்கு ஒன்று, 21க்கு ஒன்று என்று கிட் உண்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் டிவி உதிரி விற்கும் கடைகளில் 'சி.ஆர்.டி கிட்' என்று கேளுங்கள். முன்பு போல அடுக்கி வைத்திருப்பதில்லை, சொல்லி வைத்தால் எடுத்துத் தருவார்கள்.

மாற்றுவதற்கு முன் மெக்கானிக் பார்க்க வேண்டியவை சில. யோக்கின் ரெசிஸ்டன்ஸ் கிட்டுக்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் படம் அகலத்தில் சுருங்கும் அல்லது திரையை விட்டு வழியும். டியூபின் கழுத்து தடித்ததா மெலிந்ததா என்பதைப் பொறுத்து, கழுத்து முனையில் சொருகும் சின்ன பேஸ் போர்டின் சாக்கெட் மாறும். மாட்டிய பிறகு எல்.ஓ.டியில் இருக்கும் ஸ்கிரீன், ஃபோகஸ் திருகிகளைப் பொறுமையாகச் செட் செய்ய வேண்டும். அவசரப்படும் மெக்கானிக் ஸ்கிரீனை ஏற்றி வைத்துவிட்டுப் போவார். படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் கருப்பு எல்லாம் சாம்பலாகிவிடும். கேமில் இருட்டு குகைக்குள் போகும்போது தெரிந்துவிடும். கேம் செட்டை அங்கேயே மாட்டிக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இன்னொன்று. சில கிட்டுகளில் காம்பொனென்ட் இன்புட்டும் இருக்கும், டிவிடிக்காக வைத்தது. அது இருக்கும் கிட்டைத் தேடி வாங்குங்கள். என்னிடம் இருக்கும் 21 இஞ்ச் அப்படி மாற்றியதுதான். வாங்கிய நாளில்கூட அதன் பழைய போர்டு அவ்வளவு சுத்தமான படத்தைக் கொடுத்ததில்லை.

போர்டை நானே திறந்து மாற்றலாமா?

கூடாது. கலர் டியூபின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கும் மேலே போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சார்ஜ் டியூபிலேயே தங்கியிருக்கும். கழுத்தில் ஸ்பானர் பட்டால் டியூப் போய்விடும், உள்ளே வெற்றிடம். அயனாவரம், வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பிக்சர் டியூப் டிவியில் கை தேர்ந்த அண்ணன்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது மிக்ஸி, ஃபேன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பழைய டிவியோடு போய் நின்றால் முகம் மலர்ந்துவிடும். அவர்கள் இருக்கும்போதே வேலையைக் கொடுங்கள்.

ஜப்பானிலிருந்து ஃபேமிகாம் வந்திருக்கிறது. பின் மாற்றி மட்டும் போட்டால் போதுமா?

போதாது. அங்கே 100 வோல்ட், இங்கே 230. பின் மாற்றி ஓட்டையின் வடிவத்தை மட்டுமே மாற்றும். நண்பர் கொண்டுவந்த ஒரு ஃபேமிகாம் அடாப்டரை நான் அப்படிப் போட்டு, இரண்டே நிமிடத்தில் அறை முழுக்கப் பொசுங்கிய நாற்றம் வந்தது. செட் தப்பியது, அடாப்டர் போய்விட்டது.

நல்ல வழி, பழைய அடாப்டரையே ஒதுக்கிவிட்டுப் புதிய சுவிட்ச் மோட் அடாப்டர் போடுவது. ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டி.சி, 850 மில்லி ஆம்பியர், பின்னின் நடுப்புறம் மைனஸ். இங்கே கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டருக்கு நடுப்புறம் பிளஸ், அதனால் மல்டிமீட்டரில் பார்க்காமல் சொருகாதீர்கள். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்.இ.எஸ்ஸின் அடாப்டர் 9 வோல்ட் ஏ.சி தருவது. அதை ஃபேமிகாமில் சொருகினால் செட்டே போய்விடும். ஒரே கம்பெனிப் பொருள் என்று நம்பிப் பலர் இழந்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுச் செட்டில் படம் வருகிறது, கலர் வரவில்லை.

செட் கொடுப்பது ஜப்பான், அமெரிக்கக் கலர் முறையான என்.டி.எஸ்.சி (NTSC), டிவி எதிர்பார்ப்பது நம் ஊர் முறையான பால் (PAL). டிவி மெனுவில் கலர் சிஸ்டத்தை ஆட்டோவுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத டிவி என்றால் வேறு டிவிதான்.

கேசட்டை ஊதித்தானே போடுவோம், இப்போது ஊதினாலும் வேலை செய்யவில்லை.

ஊதியதால் ஓடியதில்லை. கழற்றி மறுபடி மாட்டியதால் பின் சரியாக உட்கார்ந்து ஓடியது. வாயின் ஈரம் பின்களின் உலோகத்தை அரித்தது, அவ்வளவுதான். சென்னையில் கடல் காற்றின் உப்பு வேறு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் தொட்டு, கேசட்டின் விளிம்புப் பின்களைக் கருப்பு வராத வரை துடையுங்கள். செட்டின் உள் சாக்கெட் தளர்ந்திருந்தால் புதிய 60 பின் சாக்கெட் கிடைக்கிறது, பழையதை எடுத்துவிட்டுச் சால்டர் வைக்கலாம். படத்தில் கோடு ஓடினால், சத்தம் கரகரத்தால், எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களை மாற்றச் சொல்லுங்கள். சில ரூபாய்ப் பொருள்.

பி.எஸ்.2 டிஸ்க் படிக்கவில்லை. லென்ஸ் மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் இன்று கிடைக்கும் லென்ஸ்களில் நல்லது எது என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. 2013 தொடக்கத்திலேயே சோனி பி.எஸ்.2 தயாரிப்பை நிறுத்திவிட்டது. டிஸ்க்கையே நம்பாமல் இருப்பதுதான் நீண்ட நாளைக்கு நல்லது.

ஃப்ரீ மெக்பூட் ஏற்றிய மெமரி கார்டு ஒன்றைப் போட்டால், செட்டைத் திறக்காமலேயே ஓப்பன் பி.எஸ்.2 லோடர் என்ற மென்பொருளை ஓட்டலாம். கேமை வேறு இடத்தில் இருந்து எடுக்கும். யு.எஸ்.பி எளிது, ஆனால் பி.எஸ்.2இன் யு.எஸ்.பி பழைய 1.1 வகை என்பதால் நடுவில் வரும் வீடியோக் காட்சிகள் திக்கும். மெமரி கார்டு ஓட்டையில் எஸ்.டி கார்டைச் சொருகும் எம்.எக்ஸ்4எஸ்.ஐ.ஓ என்ற சின்ன அடாப்டர் அதைவிட வேகம். பெரிய பழைய மாடல் வைத்திருந்தால் உங்களுக்கு யோகம். நெட்வொர்க் அடாப்டரோடு ஹார்டு டிஸ்க்கையே உள்ளே வைக்கலாம். கடைசியாக வந்த 90000 வரிசை ஸ்லிம்களில் பெரும்பாலானவற்றில் ஃப்ரீ மெக்பூட் ஓடாது. அதற்கு ஓப்பன்டூனா போன்ற வேறு வகை கார்டு வேண்டும். செட்டின் அடியில் மாடல் எண்ணைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

பி.எஸ்.1க்கு எக்ஸ்ஸ்டேஷன், ட்ரீம்காஸ்ட்டுக்கு ஜி.டி.எமு என்று டிஸ்க் டிரைவ் இருக்கும் இடத்தில் உட்காரும் போர்டுகள் உண்டு. கேசட் செட்டுகளுக்கு எவர்டிரைவ், மெமரி கார்டு போடும் கேசட். எதுவாக இருந்தாலும் உங்களிடம் இருக்கும் டிஸ்க்கையும் கேசட்டையும் நகல் எடுத்துப் போடுங்கள். செய்தவர்களுக்கான மரியாதை அது.

கேசட்டில் சேவ் நிற்பதில்லை.

உள்ளே காசு பேட்டரி ஒன்று, பெரும்பாலும் சி.ஆர்.2032, தீர்ந்திருக்கும். தகடு வெல்டு செய்த பேட்டரியாக வாங்கி மாற்றுங்கள். வெறும் பேட்டரியின் மேல் நேராகச் சால்டர் வைத்தால் வெடிக்கலாம். மாற்றும்போது பழைய சேவ் அழிந்துவிடும்.

எஃப்.பி.ஜி.ஏ என்கிறார்களே, எமுலேட்டருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஃபேமிகாமுக்குள் இரண்டு சிப்கள் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. கணக்குப் போடும் சிப் ஒரு அடி எடுத்துவைக்கும் நேரத்தில் படம் வரையும் சிப் மூன்று புள்ளி போட்டிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில். எமுலேட்டர் என்பது ஒரு கம்ப்யூட்டர் நிரல். கணக்குச் சிப்பின் வேலையைக் கொஞ்சம், படச் சிப்பின் வேலையைக் கொஞ்சம் என்று மாறி மாறிச் செய்து, ஒரு ஃபிரேம் முடிந்ததும் திரைக்குத் தள்ளும். நல்ல எமுலேட்டர் இதை வியக்கும் அளவு துல்லியமாகச் செய்கிறது. ஆனால் நடுவில் ஆப்பரேட்டிங் சிஸ்டம், யு.எஸ்.பி, கிராபிக்ஸ் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் நேரத்தைக் கடித்துக்கொள்ளும்.

எஃப்.பி.ஜி.ஏ நிரலை ஓட்டுவதில்லை. உள் இணைப்புகளை நாம் சொல்கிறபடி மாற்றிக்கொள்ளும் சிப் அது. ஃபேமிகாமின் சுற்றை எழுதிக் கொடுத்தால் அந்தச் சிப்புக்குள் இரண்டு தனிச் சுற்றுகள் உருவாகி, பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஓடும். எழுதியவர் தப்பாக எழுதியிருந்தால் இதிலும் தப்பு வரும், அதனால் எஃப்.பி.ஜி.ஏ என்றாலே அச்சு அசல் என்று நம்ப வேண்டாம். தாமதம் குறைவு என்பது உறுதி.

மிஸ்டர் என்ற திட்டம் எஃப்.பி.ஜி.ஏ உள்ள டி.இ10-நேனோ என்ற பயிற்சிப் போர்டின் மேல் எழுந்தது. பி.எஸ்.1, சாட்டர்ன் வரை ஓடும். பி.எஸ்.2 அதற்குள் அடங்காது. 2024 முதல் விலை குறைந்த மாற்றுப் போர்டுகளும் வந்துவிட்டன. எனக்கு மிஸ்டரில் பிடித்தது, அது பிக்சர் டியூப் டிவிக்கும் அசல் 240பியைக் கொடுக்கும் என்பது. கைக்கு அடக்கமாக வேண்டும் என்றால் 2021இல் வந்த அனலாக் பாக்கெட், அதுவும் எஃப்.பி.ஜி.ஏதான். பணம் இடிக்கிறது என்றால் ராஸ்ப்பெர்ரி பை 3 அல்லது 4 வாங்கி, அதன் ஏவி ஜாக்கில் இருந்து பழைய டிவிக்கு வயர் இழுங்கள். செட்டிங்கில் 240பி வரவழைக்கலாம்.

வாத்து சுடும் கேமின் துப்பாக்கி எல்.ஈ.டி டிவியில் வேலை செய்யவே இல்லை. அதற்கு ஏதாவது ஸ்கேலர்?

இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருப்பாகும், வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த ஃபிரேமிலேயே வெள்ளையைப் பார்க்க வேண்டும். எல்.ஈ.டி டிவி அதைக் காட்டுவதற்குள் செட் கணக்கை முடித்து 'படவில்லை' என்று எழுதிவிடும். அதுபோக, உணரி டியூபின் கோடு ஓடும் வேகத்துக்கென்றே இசைவாக்கப்பட்டது, எல்.ஈ.டியின் சீரான வெளிச்சம் அதற்குக் கண்ணுக்கே படாது. கேமரா வைத்த சிண்டென் போன்ற புதிய துப்பாக்கிகள் எந்தத் திரையிலும் சுடும். ஆனால் அவை கம்ப்யூட்டரோடு சேருபவை, உங்கள் பழைய செட்டில் சொருக முடியாது. பழைய செட், பழைய துப்பாக்கி என்றால் பிக்சர் டியூப் டிவிதான். அந்த 14 இஞ்சை இன்னும் காயலாங்கடைக்குப் போடவில்லையே?